டெல்ஃபின் ஏறி உட்கார்ந்த மரக்குவியல்

ஆறு திரும்பும் கரடி வளைவு என்ற ஊரில் மரம் சாய்க்க வந்தவர்கள் கோடரி கொண்டுவரவில்லை. இரண்டு புல்டோசர்களுக்கு நடுவே தொடை கனத்தில் ஒரு இரும்புச் சங்கிலியைப் பூட்டி, ஆற்றோரத் தோப்புக்குள் இரண்டையும் சமமாக ஓட்டினார்கள். சங்கிலிக்கு நடுவே அகப்பட்டதெல்லாம் வேரோடு சாய்ந்தது. டெல்ஃபின் தன் மக்காச்சோளக் கொல்லையின் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். மூன்று ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் எட்டாத காட்டன்வுட் மரங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன.

மிசூரி ஆற்றின் கீழ்ப்பக்கம் அணை எழும்பிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு வளைவு முழுவதும் தண்ணீருக்குள் போய்விடும் என்று அரசாங்கம் சொல்லியாயிற்று. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த ஹிடாட்ஸா பழங்குடிக் குடும்பங்கள் எல்லாம் மேட்டுநிலத்துக்குப் போய்விட வேண்டும். மரங்கள் நின்றால் பின்னாளில் மிதந்து போய் அணையை முட்டுமாம். அதனால் முதலில் மரங்களைச் சாய்த்துக் கொளுத்த வேண்டும். போகச் சொன்ன மேட்டில் காற்றைத் தவிர வேறொன்றும் கிடையாது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

டெல்ஃபினுக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. கணவன் இறந்துவிட்டான். மகன் தொலைதூர நகரத்தில் ரயில் பாதை வேலை பார்த்தான். அவளுக்கென்று இருந்தவை ஒரு மரவீடு, நான்கு குதிரைகள், அம்மா வழியில் வந்த சோளக்கொல்லை, கொல்லையை ஒட்டிய தோப்பு. தோப்பு என்றால் நிழலுக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டுத் தூண், குதிரைக் கொட்டில், அடுப்பு விறகு எல்லாம் அதிலிருந்துதான். பனி முழங்காலுக்கு மேல் ஏறிப் புல் மறைந்துபோகும் மாதங்களில், அவள் இளங்கிளைகளை வெட்டிக் குதிரைகளுக்கு முன்னால் போடுவாள். அவை பட்டையை உரித்துத் தின்று கட்டையை வெள்ளையாக்கி வைக்கும். வைக்கோல் வாங்கிப் போட்டவர்களின் குதிரைகள் எலும்பு தெரிய நின்றபோது டெல்ஃபினின் குதிரைகள் மினுமினுவென்று வசந்தத்துக்குள் வந்தன. காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் பட்டைக் கஷாயம். அது கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. பனிக்காலம் முடியும் தறுவாயில், காற்றில் முறிந்து விழுந்த கிளைகளிலிருந்து பிசுபிசுப்பான மொட்டுகளைக் கிள்ளி, மாட்டுக்கொழுப்பில் போட்டு இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்திருப்பாள். மொட்டின் சிவந்த பிசின் கொழுப்பில் இறங்கி வீடே மணக்கும். தீக்காயம், குளிரில் வெடித்த கை, குழந்தைகளின் நெஞ்சுச்சளி, எல்லாவற்றுக்கும் வளைவில் இருந்தவர்கள் அந்தத் தைலம் வைத்த தகர டப்பாவைத் தேடித்தான் வருவார்கள்.

இன்னொன்றும் உண்டு. பெரிய காட்டன்வுட் மரத்தின் நிழலுக்கு, அதாவது அதன் ஆவிக்கு, அறிவு இருக்கிறது, மரியாதையாகக் கேட்டால் உதவும் என்று அவள் ஆட்கள் நம்பினார்கள். ஆறு கரையை அரித்து மரம் சாயும்போது அது அழுவது கேட்கும் என்பார்கள். வீட்டுக்குப் பெரிய தூண் வேண்டுமென்றால் நிற்கிற மரத்தை வெட்டமாட்டார்கள். ஆறு தள்ளிவிட்ட மரத்தைத்தான் எடுப்பார்கள். டெல்ஃபின் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறவள். இதையெல்லாம் வெளியே சொல்லிக்கொண்டு திரியமாட்டாள். ஆனால் பெரிய மரம் ஒன்றை அவள் தன் கையால் வெட்டியதே இல்லை. சங்கிலி இழுத்த அன்று அவள் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

சாய்த்ததையாவது கொடுங்கள் என்று அணைக்கட்டு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். நிலம் கைமாறிவிட்டது, மரமும் அதோடு சேர்ந்து அரசாங்கத்துடையது என்றார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களாம், பிறகு சண்டை வருமாம். எரிப்பதுதான் எல்லோருக்கும் பொதுவான நியாயம் என்று விளக்கினார் அங்கே இருந்த அதிகாரி. எரிக்கலாம், எடுக்கக்கூடாது. இப்படி ஒரு நியாயத்தை எந்தத் தாய் பெற்ற பிள்ளை யோசித்திருப்பான் என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தாள் டெல்ஃபின்.

மரங்களை ஆங்காங்கே வீட்டு உயரத்துக்குக் குவித்து டீசல் ஊற்றிக் கொளுத்தத் தொடங்கினார்கள். இரண்டாவது குவியலுக்குத் தீ வைத்தபோது காற்று திசை மாறிவிட்டது. மேஸ்திரி கார்ஸ்டனின் இரண்டு கைகளும் கழுத்தின் ஒரு பக்கமும் வெந்துபோயின. ஆட்கள் அவனைப் பிக்கப் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வளைவின் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அதன் கதவில் பூட்டு தொங்கியது. தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே கட்டில்களை லாரியில் ஏற்றி, டாக்டரையும் அனுப்பிவிட்டார்கள். மேட்டில் புதிது கட்டித் தருவோம் என்றார்கள். அது பல வருஷம் வரவேயில்லை. பூட்டைப் பார்த்துத் திகைத்து நின்றவர்களிடம், அந்த வழியாகப் போன எவரெட் என்பவன்தான் டெல்ஃபினின் வீட்டைக் காட்டிவிட்டான்.

கார்ஸ்டனைக் கண்டதும் அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. சங்கிலி வண்டிகளுக்குக் கையசைத்து வழிகாட்டியவன். கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்ததும் அவள் கை தானாகத் தண்ணீர்க் குடத்துக்குப் போய்விட்டது. எரிச்சல் அடங்கும்வரை குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு டப்பாவில் மிச்சமிருந்ததை எல்லாம் வழித்துத் தடவிச் சுத்தமான துணியால் சுற்றினாள். திறந்த கதவு வழியாகப் புகை உள்ளே வந்துகொண்டிருந்தது. தைலத்தின் வாசனையும் புகையின் வாசனையும் ஒன்றாகவே இருந்தன. கார்ஸ்டன் மூக்கை உறிஞ்சினான்.

"இது என்ன மருந்துங்க?" என்று கேட்டான்.

"நீ கொளுத்துனியே, அதுதான்" என்றாள் டெல்ஃபின்.

நகரத்து டாக்டரிடம் கொண்டுபோங்கள் என்று சொல்லி ஆட்களை அனுப்பிவைத்தாள். கை பின்னால் தழும்போடு ஆறியது. அவளுடைய தைலம் ஆற்றியதா, நகரத்து டாக்டர் ஆற்றினாரா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. காலியான டப்பாவைப் பார்த்தபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது, அதுவும் தன் மேலேயே. இனி எந்த மரத்து மொட்டைக் கிள்ளி இதை நிரப்புவது?

மறுநாள் கடை வாசலில் எவரெட் காத்திருந்தான். இவனுடைய அப்பாவும் டெல்ஃபினின் அப்பாவும் ஒரே குலம். அவர்களிடம் குலம் அம்மா வழியில் வருவதால், அப்படிப்பட்டவர்கள் மச்சான் முறைபோல ஒருவரையொருவர் ஊரறியக் கேலி செய்யலாம். கேலி வாங்கியவர் கோபிக்கக் கூடாது. அது அவர்கள் வழக்கம்.

"ஏ டெல்ஃபின், மரத்தச் சாய்க்கிறவன் கைக்கு மருந்து போட்டு அனுப்பிச்சியாமே" என்றான் எவரெட், எல்லோருக்கும் கேட்கும்படி. "நல்ல காரியம். கை சீக்கிரம் ஆறட்டும். மிச்ச மரம் அவனுக்காகக் காத்துக்கிட்டு நிக்குதுல்ல."

"அவன என் வீட்டுக்கு அனுப்பி வச்சதே நீதானே மச்சான்."

"நான் வாயால வழி சொன்னேன். டப்பாவ வழிச்சுத் தடவுனது யாரு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டெல்ஃபினும் சிரித்தாள், சிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சோளக்கஞ்சியைத் தொடாமல் மூடி வைத்தாள். எவரெட் சொன்னதில் பொய் இல்லை. மருந்து கொடுத்ததற்காக அவள் வருத்தப்படவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்ததுதான் உறுத்தியது.

அடுத்த நாள் காலை, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு ஜாடியில் காபியும் துணியில் வறுத்த சோள உருண்டையும் எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்குக் கொளுத்தவேண்டிய குவியல் எது என்று அவளுக்குத் தெரியும். கட்டைக்குக் கட்டை கால் வைத்து உச்சிக்கு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

டீசல் வண்டி வந்தது. நகரத்திலிருந்து திரும்பியிருந்த கார்ஸ்டன் கைக்கட்டோடு இறங்கி, அண்ணாந்து பார்த்தான்.

"அம்மா, இறங்கிடுங்க. இன்னைக்கு இதக் கொளுத்தியாகணும்."

"கொளுத்தேன். தீக்குச்சி உரச உன் கை வருமா?"

"நான் உத்தரவுக்கு வேலை செய்யிறவன் அம்மா."

"அது எனக்குத் தெரியாதா? உத்தரவு போட்டவர வரச் சொல்லு."

ஆள் போய்ச் சொல்ல, அலுவலகத்து அதிகாரி காரில் வந்து இறங்கினார். சேற்றில் பாலிஷ் போட்ட காலணி புதைந்தது. அவர் கோபப்படவில்லை. அதுதான் டெல்ஃபினுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். மேட்டில் மின்சாரம் வரப்போகிறதாம், அடுப்புக்கு நிலக்கரி கிடைக்குமாம், புதுக் காலத்தில் இந்தக் கட்டைகளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டார்.

டெல்ஃபின் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னாள். குரல் உயரவில்லை, ஆனால் தூரத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"மேட்டுல ஒரு சுள்ளி கிடையாது. அங்க போகச் சொல்றது நீங்க. வீட்டுக்குத் தூண் வேணும், கொட்டிலுக்குக் கழி வேணும். பனியில என் குதிரைக்கு எதப் போடுவேன்? உங்க மின்சாரத்த அது திங்குமா? காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளைக்கு நிலக்கரியக் காய்ச்சிக் கொடுக்கவா? ஆஸ்பத்திரியப் பூட்டுனீங்க. மருந்தக் கொளுத்துறீங்க. எங்களுக்கு வேணாம்னு நீங்களே முடிவும் பண்றீங்க. வேணும்னு சொல்ற வாய் இங்க உட்கார்ந்திருக்கு. இது உங்களுக்குக் கண்ணுல படலையா?"

போலீஸைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லி அதிகாரி காரில் ஏறினார். வழியெல்லாம் சேறு, போய்த் திரும்ப வெகுநேரம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கார்ஸ்டன் காரைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான். பிறகு டீசல் வண்டியின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாப்பிடப் போகலாம் என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மதியச் சாப்பாட்டு வேளைக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. அவன் செய்த இதை டெல்ஃபின் பின்னாளில் யாரிடமும் புகழ்ந்து சொன்னதில்லை. மறுநாளும் அதே சாவியால் வண்டியைக் கிளப்பியவன்தானே அவன் என்பாள்.

தூரத்தில் நின்றவர்கள் வண்டி பூட்ட வீட்டுக்கு ஓடினார்கள். முதலில் வந்தது எவரெட்டின் குதிரை வண்டி. பின்னாலேயே இன்னும் பல வண்டிகள். ஆண்கள் கட்டைகளை உருட்டினார்கள், பெண்கள் கிளைகளை இழுத்தார்கள். பட்டை உரிந்தால் அதைத் தனியாகக் கோணியில் போட்டார்கள். டெல்ஃபின் இறங்கவில்லை. தான் இறங்கினால், மேலே ஆள் இல்லை என்று திரும்பி வந்து தீயை வைத்துவிடுவார்கள் என்று பயந்தாள். குவியல் அவளுக்குக் கீழே தணிந்துகொண்டே வந்தது. கடைசியில் அவள் காலுக்கும் தரைக்கும் ஒரு முழ உயரம்தான் இருந்தது.

"கொஞ்சம் நகர்ந்து உட்காரு டெல்ஃபின்" என்றான் எவரெட். "நீ உட்கார்ந்திருக்கிற கட்டைதான் நல்லா நேரா இருக்கு."

"இது என் வீட்டுத் தூணு மச்சான். நீ வளைஞ்சத எடுத்துக்கோ, உன் முதுகுக்குப் பொருத்தமா இருக்கும்."

போலீஸ் வந்தபோது மண்ணும் சருகும்தான் கிடந்தன. யாரையும் பிடிக்க முடியவில்லை. ஆனால் அடுத்த நாள் முதல் காவல் போட்டார்கள். மிச்சக் குவியல்கள் அத்தனையும் காவலுக்குள் எரிந்தன. ஆற்றோரம் முழுக்கப் புகை மூடியிருந்தது. டெல்ஃபின் ஜன்னலைச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தாள். பார்க்காமல் இருந்தால் நடக்காததுபோல் ஆகிவிடும் என்றாள்.

மேட்டு வீட்டுக்குத் தூண் கிடைத்தது, கொட்டில் எழும்பியது, ஒன்றிரண்டு குளிர்காலத்துக்கு விறகும் இருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. தோண்டிய கிணற்றில் உப்புத் தண்ணீர். வெட்டிவந்த இளங்கழிகளை மண்ணில் ஊன்றிப் பார்த்தாள். ஆற்றங்கரையில் சும்மா குத்திவைத்தாலே துளிர்க்கிறவை மேட்டின் காய்ந்த காற்றில் கருகின. பட்டை தீர்ந்த முதல் கடும்பனியில் மூத்த பெண்குதிரை செத்தது. இரண்டை விற்றுவிட்டாள். கீழே தண்ணீர் ஏறி முதலில் சோளக்கொல்லையையும் பிறகு பழைய வீட்டின் அடித்தளத்தையும் மூடியது. நகரத்துக்காரர்கள் அதை ஏரி என்றார்கள். டெல்ஃபின் ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. தேங்கின தண்ணி என்றுதான் சொல்வாள்.

பல வருஷம் கழித்து அந்தத் தண்ணீர்க்கரையில் ஒரு பொழுதுபோக்கு இடம் அமைத்தார்கள். புல்வெளி, படகுத்துறை, சாப்பாட்டு மேசைகள். பெயர்ப்பலகையில் பெரிய எழுத்தில் 'காட்டன்வுட் பூங்கா' என்று எழுதியிருந்தது. திறப்பு விழாவுக்கு ஹிடாட்ஸா பெண்மணி ஒருவர் வேண்டும், மணிவேலை செய்த உடுப்பில் வந்து ரிப்பன் வெட்டினால் அழகாக இருக்கும் என்று டெல்ஃபினைக் கேட்டார்கள். வருகிறேன் என்றாள். கிழிந்த வேலைக் கோட்டும் ரப்பர் பூட்ஸுமாகப் போய் நின்றாள்.

கத்தரிக்கோலை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. மைக்குக்கு முன்னால் போய், "மரம் எங்க?" என்று கேட்டாள்.

விழா நடத்தியவர் சங்கடமாகச் சிரித்து, வேலியோரம் நட்டிருந்த நர்சரிக் கன்றுகளைக் காட்டினார்.

"அது எல்ம்னு வேற மரம். பலகையில எழுதியிருக்கிற மரம் எங்கன்னு கேட்டேன். அத நீங்க எரிச்சீங்க. நான் அது மேலதான் உட்கார்ந்திருந்தேன். எரிச்சவங்க பேர எழுதுங்க பலகையில. மரத்தோட பேர அழிச்சிடுங்க."

யாரும் கைதட்டவில்லை. எங்கோ பின்வரிசையில் எவரெட் மட்டும், அவள் பூட்ஸ் போட்டு ரிப்பன் வெட்ட வந்த அழகைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தான். அவள் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினாள். பலகை அப்படியே இருந்தது.

அந்தப் பனிக்காலத்தின் கடைசியில், பக்கத்து வீட்டுக் குழந்தை சுடுகஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டது. டெல்ஃபின் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி ஆற்றிவிட்டு, மறுநாள் அரைநாள் பயணம் போனாள், தேங்கின தண்ணீர் எட்டாத மேலாற்றுக்கு. அங்கே ஒரு சொந்தக்காரரின் கரையில் காட்டன்வுட் மரங்கள் இன்னும் நின்றன. காற்று முறித்துப் போட்டிருந்த கிளைகளிலிருந்து மொட்டுகளைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள். ஓர் எட்டு வைத்தால் கொல்லையில் கிடைத்ததற்கு இவ்வளவு தூரம் அலைய வைத்துவிட்டார்களே என்று, போகும்போதும் வரும்போதும் அவள் திட்டிக்கொண்டே இருந்தாளாம். கூடப் போனவர்கள் சொன்னார்கள்.