மாட்டுக்குப் போனவர் குதிரையோடு வந்தார்

என் அக்காள் புருஷன் வீரையன் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. மனிதர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை. மாடு வாங்கப் போனவர் குதிரையோடு வந்தார். அதுவும் கிழக் குதிரை.

எங்கள் ஊர் திருவையாற்றுக்கு மேற்கே, காவிரிக் கரையில். மிராசுதாரிடம் கூலிக்கு அறுத்துக் கிடந்த எங்கள் தெருவுக்கு உச்சவரம்புச் சட்டத்தில் கொஞ்சம் நிலம் வந்தது. மச்சானுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து வயல். ஜோடி மாடு வாங்க யாருக்கும் வக்கில்லை. அதனால் கூட்டேர் பேசிக்கொண்டோம். ஒரு மாடு நான், ஒரு மாடு அவர், சேர்த்துக் கட்டி இரண்டு வயலையும் உழுவது. என் மாட்டை வாங்கிக் கட்டிவிட்டேன். வாய்க்காலில் குறுவைக்குத் தண்ணீரும் வந்துவிட்டது. "தரிசாப் போட்டா கவர்மெண்டே திருப்பி எடுத்துக்கும்" என்று மிராசுதாரின் காரியக்காரர் டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த நேரத்தில்தான் இவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

குதிரைக்கு இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. முன்னங்கால் ஒன்றை ஊன்ற மாட்டாமல் தூக்கித் தூக்கி வைத்தது. நாலடி நடந்தால் விலா ஏறி இறங்கி இளைத்தது. என் அக்காள் நீலாம்பாள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, உன் மாட்டுக்கு ஜோடி வந்துடுச்சு, ஏரைப் பூட்டு" என்றாள்.

மச்சான் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனார். அதைக் கொண்டுவந்த காரணம் எங்களுக்குத் தெரியும். அது திருவையாற்று இப்ராஹிம் ராவுத்தரின் ஜட்கா குதிரை. முன்பு கூலிச் சண்டையில் மச்சான் மண்டை உடைந்து களத்துமேட்டில் கிடந்தார். ஊரில் இருந்த வண்டியெல்லாம் மிராசு வண்டி, ஒன்றும் வரவில்லை. சவாரி இறக்கிவிட்டுத் திரும்பிய ராவுத்தர்தான் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி வரைக்கும் இந்தக் குதிரையை விரட்டினார். இப்போது டவுன் பஸ் வந்து ஜட்காவில் ஏற ஆளில்லை. தீனி போட வழியில்லாமல் ராவுத்தர் குதிரையை ஆற்றோரம் அவிழ்த்துவிட இருந்தார். மச்சான் மாட்டுக்கு வைத்திருந்த பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு அதைப் பிடித்து வந்துவிட்டார்.

அதுக்காக உழவை விடுவதா என்று கேட்டேன். "உழுதுடலாம்டா" என்றார். எதைக் கொண்டு என்று சொல்லவில்லை.

என்னை வாடா போடா என்கிற மனிதர், குதிரையிடம் "பெரியவரே, தண்ணி குடிங்க" என்பார். எனக்கு எரியும்.

மறுநாளே கூத்து. காலையிலிருந்து குதிரையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் மத்தியானம் முகம் செத்துப்போய் வந்தார். "அசை போடலைடா."

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மாடு. மாடு அசை போடாவிட்டால் ஆபத்து. தெருவே கூடிவிட்டது. மிளகும் இஞ்சியும் வெற்றிலையும் இடித்துக் கரைத்தோம். நாலு பேர் தலையைத் தூக்கிப் பிடிக்க, மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் கொட்டத்தை வாயில் சொருகி நான்தான் ஊற்றினேன். குதிரை இருமியது. இருமல் நிற்கவில்லை. மருந்து மூக்கால் வழிந்தது, கால் மடங்கிச் சரிந்தது. மச்சான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சைக்கிளை மிதித்தேன்.

ராவுத்தர் வந்து குதிரையைத் தட்டி எழுப்பி, தலையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு சீரான பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"குதிரை எந்தக் காலத்துலப்பா அசை போட்டிருக்கு?"

தெரு முழுக்கச் சிரித்தது. மச்சானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு ராவுத்தர் நிஜமான சீக்கைச் சொன்னார். வைக்கோல் தூசுதான் அதற்கு எமன், நனைத்துப் போட்டால் இளைப்பு அடங்கும். குளம்பைக் கழுவித் துடைத்து, ஈரம் படாத மேட்டில் கட்ட வேண்டும்.

அன்று முதல் மச்சான் வைக்கோலை வாய்க்காலில் முக்கி, வடியவிட்டுத்தான் போடுவார். வீட்டில் ஈரம் ஏறாத இடம் ஒன்றுதான், அடுப்படிக்குப் பக்கத்தில். அதைப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டு அவர் ஒழுகுகிற பக்கம் படுத்தார். அக்காள் திட்டிக்கொண்டே மணல் அள்ளிக் கொட்டினாள்.

உழவுக்கு மண்வெட்டியை எடுத்தார். தன் வயலை வெட்டி முடித்து, என் வயலில் இறங்கினார். நானும் அக்காளும் கூட வெட்டினோம். நடவு பிந்தித்தான் போனது. ஆனாலும் காரியக்காரர் வந்து எட்டிப் பார்த்தபோது இரண்டு வயலும் பச்சை. என் மாடு ஒரு வேலையும் இல்லாமல் கரையில் மேய்ந்தது, பக்கத்தில் அந்தக் குதிரை. அடுத்த வருஷம் மாடு வாங்கினார் என்பது வேறு. இருந்த காலம் முழுக்க அந்தக் குதிரை எங்களுக்கு ஒரு நாற்றுமுடிகூடச் சுமந்ததில்லை.

சில வருஷம் கழித்து மச்சானுக்கே நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அதே பெரியாஸ்பத்திரியில், குதிரை மாதிரியே விலா ஏறி இறங்கக் கிடந்தார். கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். நிலத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"பெரியவருக்கு வைக்கோலை நனைச்சுப் போடுடா" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "அசை போடலைன்னு கொட்டத்தைத் தூக்கிட்டுப் போயிடாதே" என்றார்.