துரை எழுப்பிய குதிரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் மலாயாவின் ஈப்போவில் மாட்டு டாக்டர். மதராசில் படித்து வாங்கிய பட்டத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஊருக்கு வெளியே, சிலிபினுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். அதன் துரைக்கு நான் வெறும் "மயக்கம் குடுக்கிற ஆள்". மயக்கம் கொடுப்பது விளக்கை அணைத்து மறுபடி ஏற்றுகிற வேலை என்று நினைத்திருந்த மூளை அது.

அவருடைய பந்தயக் குதிரையின் மார்பில் தேங்காயளவு கட்டி. அதை அறுக்கப் போனேன். குதிரைக்கு ஏதாவது ஆனால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு போய்விட வேண்டும் என்று அதைப் பராமரிக்கும் குதிரைக்காரரிடம் துரை முன்பே சொல்லிவைத்திருந்தார். வேடிக்கை பார்க்க நண்பர்களைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, விஸ்கியும் ஊற்றியிருந்தார். வெட்கங்கெட்ட கூட்டம்.

குதிரையைப் பங்களா முன்னாலிருந்த புல்லில் சாய்த்துக் கட்டி, குளோரோஃபார்ம் நனைத்த பஞ்சை முகமூடிக்குள் வைத்தேன். முதலில் திமிறியது. திமிறும் பிராணி மூச்சை ஆழமாக இழுக்கும். அப்போது மருந்தைக் கூட்டினால் இதயம் நின்றுபோகும். இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்று துரை கத்தியதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூச்சு சீரானது. விழியைத் தொட்டால் இமை சோம்பலாக மூடியது. அந்த ஆழம் போதும். கட்டியை எடுத்துத் தையலும் போட்டேன்.

முகமூடியைக் கழற்றியதும் கைதட்டினார்கள். ஆபத்தே இனிமேல்தான் என்பது அந்தத் தலைகளில் ஏறவில்லை. முதலில் கண் விழிக்கும், பிறகு தலை தூக்கும், கால்களுக்குப் பலம் வருவது கடைசியில். அதற்குள் எழுந்துவிடாதிருக்க, குதிரைக்காரரைக் கழுத்தின்மேல் முழங்காலை ஊன்றி உட்காரச் சொல்லிவிட்டுக் கட்டுகளை அவிழ்த்தேன். சனிக்கிழமைதோறும் கிளப்பிலிருந்து இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு பங்களா படியேறுகிற துரைக்கு இதை விளக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கும் கண் திறந்துதான் இருக்கும்.

"கண்ணு தெறந்திருச்சு. எழுப்பு," என்றார் துரை.

கூடாது என்றேன். குதிரைக்காரர் என்னைப் பார்த்தார், துரையைப் பார்த்தார். துரை குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்து இழுத்தபடி அவரை எழச் சொன்னார். எழுந்துவிட்டார்.

குதிரையும் எழுந்தது. இரண்டடி வைத்ததும் பின்கால் மடங்கி, பங்களா படிக்கட்டின் மேல் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் நாற்காலிகள் வரை கேட்டது. துரை துப்பாக்கியை வரவழைத்துச் சுட்டார். பிறகு குதிரைக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏன் கழுத்த விட்ட?"

சாயங்காலத்துக்குள் லயத்து வீடு காலி. குதிரைக்காரரையும் குடும்பத்தையும் ஈப்போ வரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். அவர் பெண்டாட்டி அழுதுகொண்டே வந்தாள். அவர் வழியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஐயா, கால் ஒடிஞ்சப்ப அதுக்கு வலிச்சிருக்குமா?"

மருந்து இன்னும் பாதி உடம்பில் இருந்தது, அவ்வளவாகத் தெரிந்திருக்காது என்றேன். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவனுக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி அது.