மூடுகல்லுக்கு அடியில் அண்ணி

என் அண்ணிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிய பிறவி. அவரைப் போய் ஒரு கல்லறைக்குக் காவல் போட்டார்களே, அந்த அதிகாரியைச் சொல்ல வேண்டும். கல்லறை என்றால் நேற்று முந்தாநாள் கட்டியது இல்லை. எழுத்தே இல்லாத காலத்து மனிதர்கள் நாலு பலகைக் கற்களை நிறுத்தி, லாரி கனத்தில் ஒரு மூடுகல்லை மேலே ஏற்றி வைத்தது. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் அண்ணி. இந்தப் பக்கம் கல்குவாரி. அங்கே வெடி வைப்பவர் என் அண்ணன். சங்கு ஊதி, சிவப்புக் கொடி காட்டி ஆட்களை விலக்குவது நான். ஆக, குடும்பமே கல்லைக் கட்டிக்கொண்டுதான் பிழைத்தது.

மூடுகல்லில் விரிசல் கண்டதிலிருந்து அண்ணிக்குத் தூக்கம் போயிற்று. தொல்லியல் அலுவலகத்தில் சொல்லிக்கொடுத்தபடி விரிசலின் குறுக்கே மெல்லிசாகச் சுண்ணாம்பு பூசி வைப்பார். கல் அசைந்தால் பூச்சு உடையும். ஒவ்வொரு வெடிக்கும் உடைந்தது. அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். "பாக்கறோம்மா" என்றார்கள். அண்ணனிடம் சொன்னால், "வெயிலுக்கு உடைஞ்சிருக்கும், சோத்தைப் போடு" என்பார். எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

அன்று சங்கு ஊதினேன். வழக்கமாக வேலியைப் பூட்டிவிட்டுத் தூரப் போய் நிற்கிற அண்ணி வரவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால், மூடுகல்லுக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணி, வயரை மாட்டியாச்சு. எழுந்திருங்க!"

"வெடி எல்லைக்குள்ள ஆள் இருந்தா உங்கண்ணன் பட்டனை அமுக்க மாட்டாரில்ல? அதான் இருக்கேன்."

அண்ணன் வந்தார். "மானத்தை வாங்காத, வெளிய வா!" என்று கத்திக்கொண்டே குனிந்து நுழைந்தார். கையைப் பிடித்து இழுக்கப் போனவர் அண்ணாந்து பார்த்தார். விரிசலில் விரலை விட்டார். விரல் முழுசாய்ப் போயிற்று. பாறை எங்கே பிளக்கும் என்று பார்த்தே சம்பாதிக்கிற மனிதர், முகம் வெளுத்துவிட்டது.

"தினமும் எங்க நின்னு சுண்ணாம்பு பூசற?"

"இதுக்கு அடியிலதான்."

"விழுந்தா?"

"விழுந்தா கல்லு போச்சேன்னுதானே நான் கரடியா கத்தறேன்!"

"கல்லு கிடக்கட்டும்டி..."

அண்ணனுடைய போன் அடித்தது. முதலாளி. அவர் போடுகிற சத்தம் வெளியே நின்ற எனக்கே கேட்டது.

"என்னய்யா, இன்னும் வெடிக்கலையா?"

"எல்லைக்குள்ள ஆள் இருக்குங்க."

"எவன் அவன்? பிடிச்சு வெளிய தள்ளு!"

அண்ணன் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான்தாங்க" என்றார்.