பதுவையில் அவள் காட்ட இருந்தது

சென்ற மாதம், கொலோனில் என் சமையலறை மேசைக்கு மேலால் மகள் கைபேசியை நீட்டினாள். இத்தாலியின் பதுவை நகரில் விடுதி அறை, கோடை விலையில் பாதி.

"அப்பா, இப்ப அங்கை சனமில்லை. வாங்கோ, காரிலை போயிட்டு வருவம்."

நான் முதலில் கேட்டது கடவுச்சீட்டு முடியும் திகதியைத்தான். "ஐயோ அப்பா, கடவுச்சீட்டு வேண்டாம், அடையாள அட்டையே காணும்" என்றாள். அந்த வசனம் என்னை ஒரு பழைய பேருந்தில் ஏற்றிவிட்டது. ஈரக் குளிர்ச்சட்டையும் தோடம்பழத் தோலும் மீன் ரோல்ஸும் சேர்ந்து மணந்த பேருந்து.

அகதிகளாக வந்து, கடவுச்சீட்டுக்குப் பதிலான நீலப் பயணப் பத்திரம் வாங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. யாழ்ப்பாண, மன்னார்க் கத்தோலிக்கர் நாற்பது பேர் பதுவை அந்தோனியாரிடம் புறப்பட்டோம். திருநாள் ஆனியில்தான். ஆனால் ஆனிக்குப் பேருந்துக்காரன் சொன்ன விலைக்கு அந்தோனியாரே நடந்துதான் போயிருப்பார். எனவே மாரிக் குளிரில்.

கடதாசி வேலை என்னுடையது. ஊரில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவன். இங்கே பகலில் பண்டகசாலையில் பெட்டி அடுக்கினாலும் மாலையில் எங்கள் வீடு ஒரு குட்டி அலுவலகம். யாருக்கு எந்த அன்ட்ராக், எந்த அதிகாரி வெள்ளிக்கிழமைகளில் இளகுவார், எல்லாம் தெரியும். அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். விண்ணப்பம் என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு விளங்காது.

"கந்தோரிலை தந்த ரசீதோடை எல்லை கடக்க ஏலாது. பத்திரம் கையிலை வேணும்" என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தேன். எல்லோருக்கும் அதிகாரியைச் சந்திக்கத் தவணை பிடித்துக் கொடுத்துவிட்டு, கடைசியாக என் பத்திரத்தைப் புதுப்பிக்கக் கொடுத்தேன். அது வந்து சேரவில்லை. என்னிடம் இருந்தது ரசீது. முத்திரை வடிவாக விழுந்திருந்ததால் அதை நம்பிவிட்டேன். கச்சேரிக்காரனின் பலவீனம் அது.

ஒஸ்திரிய எல்லையில் காவலர் ரசீதை இருபக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, முடியாது என்று மரியாதையாகவே தலையசைத்தார். பின்னால் இருந்து மன்னார் மரியதாசின் குரல் வந்தது.

"அண்ணை, எங்கட அன்ட்ராக் எல்லாம் நிரப்பினனீங்கள். உங்கடையை ஆர் நிரப்புறது?"

பேருந்தே சிரித்தது. பெட்டியை இறக்கியபடி நானும் சிரித்தேன்.

என் மனைவி றெஜினாவும் இறங்க எழுந்தாள். "நீங்கள் இல்லாமல் நான் என்னத்தைப் பாக்கிறது?"

"பேர் பதிஞ்சாச்சு. இனி மாத்தேலாது. போட்டு வா."

அன்பைச் சொல்ல எனக்கு அப்போது வேறு வசனம் வரவில்லை.

நாலாம் நாள் வந்தவள், சப்பாத்துக்கூடக் கழற்றாமல் சொல்லத் தொடங்கினாள். ஊரெல்லாம் பனிப்புகார். மழையில் நனையாமல் நகரம் முழுக்க நடக்கக்கூடிய வளைவு நடைபாதைகள். கதிரைகளைக் கவிழ்த்து வைத்த கடைகள். அந்தோனியார் கல்லறையில் வரிசையே இல்லையாம். கல்லில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாளாம், போ என்று சொல்ல ஆளில்லாமல்.

"ஒண்டு மட்டும் சொல்லமாட்டன். ஒரு வளைவுக்குக் கீழை இருக்கு. கண்டவுடனை உங்களைத்தான் நினைச்சனான். வாங்கோ, காட்டுறன்."

"என்னப்பா அது?"

"சொன்னால் வரமாட்டியள். கோப்பிலை போட்டு வைச்சிடுவியள்."

அடுத்த மாரி மகள் வயிற்றில். பிறகு குடியுரிமை விண்ணப்பம். அது முடியும்வரை நாட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது என்று நானே ஒரு சட்டம் போட்டேன். அப்படியொரு சட்டம் இல்லை என்று பின்னர் தெரிந்தது. பிறகு அவள் முழங்கால். ஒவ்வொரு தையிலும் "இந்த முறை?" என்பாள். "வாற முறை" என்பேன். மூன்று மாரிக்கு முன் அவள் ஒரேயடியாகப் போய்விட்டாள்.

மகளோடு போனேன். எல்லைக்காகக் கடவுச்சீட்டைக் கையில் எடுத்து வைத்திருந்தேன்.

"உள்ளுக்கை வையுங்கோ அப்பா. நாங்கள் ஒஸ்திரியாவுக்கை வந்து பத்து நிமிசம்."

அன்று பேருந்திலிருந்து நான் இறங்கிய இடம் எதுவென்றே தெரியவில்லை.

பதுவையில் இரண்டு நாட்கள் வளைவு வளைவாக நடந்தேன். ஒரு வாசலுக்கு மேல் உம்மென்று முறைக்கும் கல் முகம். இதுவாக இருக்குமோ? பூட்டிய கடையொன்றின் கண்ணாடிக்குள் இறப்பர் முத்திரைகள். இதுதானோ? என்னைப்போல இருக்கக்கூடியவை அந்த நகரத்தில் இத்தனை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் கண்டது இப்போது இல்லாமலும் போயிருக்கலாம்.

"அம்மா உனக்கெண்டாலும் சொன்னவவோ, என்னெண்டு?"

"கேட்டனான் அப்பா. அப்பாக்குத்தான் முதல் காட்டோணும் எண்டிட்டா."

இருட்டத் தொடங்கியிருந்தது. மகள் என் கையைப் பிடித்தாள். நாங்கள் அதே வீதியால் திரும்பவும் ஒருமுறை நடந்தோம், இந்தமுறை மற்றப் பக்கத்து வளைவுகளுக்குக் கீழால்.