பழைய ஹேண்டலில் கிடைத்த பதில்

"இனி நான் பஸ் ஓட்டல மாலா" என்று என் கணவர் சொன்ன அன்றைக்குத்தான் நான் பயந்துபோனேன். அவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த அன்றுகூட அவ்வளவு பயப்படவில்லை.

முருகனை நம்பி வாழும் எல்லோருக்கும் மாலதியின் வணக்கம். எனக்கு மைக் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் எழுதியே தருகிறேன். நானும் என் கணவர் சந்திரனும் கெலுகோரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அவர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுநர். விடியும் முன்பே நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போய் வேலையில் இறக்கிவிடுவார். அந்த நாற்பது பேரில் நானும் ஒருத்தி. பதினாறு வருடமாக ஓட்டுகிறார். கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

போன வருடம் ஆயுத பூஜை முடிந்து ஐந்தாம் நாள். காலை ஒன்பது மணி இருக்கும். லேசான தூறல். எங்களை இறக்கிவிட்டு, பேருந்தை நிறுத்திவிட்டு, மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். சந்திப்பில் சிவப்பு விளக்கு. வண்டி நிற்கவில்லை. காய்கறிப் பையோடு ஒரு சீனப் பெண்மணி சாலையைக் கடந்துகொண்டிருந்தார். அவர்மேல் மோதாமலிருக்க இவர் ஒடித்துத் திருப்ப, வண்டி ஓரத்து இரும்புத் தடுப்பில் இடித்து, இவர் பெரிய சாக்கடைக்குள் போய் விழுந்தார். தோள்பட்டை எலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்தன. அந்தப் பெண்மணிக்கு ஒன்றுமில்லை. அதற்கே முருகனுக்கு ஆயிரம் கும்பிடு போட வேண்டும்.

ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். சிவப்பு விளக்கைப் பார்த்தும் முறுக்கிக்கொண்டே வந்தாராம். என் கணவர் மருத்துவமனைப் படுக்கையில் சொன்னதோ வேறு. "நான் ஆக்சிலேட்டர விட்டுட்டேன் மாலா. வண்டிதான் விடல. பிரேக் புடிச்சும் இழுத்துக்கிட்டே போச்சி."

யாரும் நம்பவில்லை. என் நாத்தனார், நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடுவோம், செபராங் ஜெயாவிலிருந்து பாலம் தாண்டி தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தார். பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது. "நாலு மணிக்கு முன்னாடியே எழும்புற ஆளு லா நீ. கண்ணு அசந்திருக்கும் தம்பி. ஒத்துக்கிட்டா என்னா, கிரீடம் எறங்கிடுமா?"

முதல் வாரம் இவர் சண்டை போட்டார். இரண்டாவது வாரம் பேசாமல் இருந்தார். வலிப்பு, சர்க்கரை, இதயம் என்று எல்லாம் சோதித்துப் பார்த்த மருத்துவர், உடம்பில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்றார். நல்ல செய்திதானே? ஆனால் உடம்பில் கோளாறு இல்லையென்றால் மிச்சம் இருப்பது தூக்கம்தானே என்று பெரியக்கா கேட்டார். மூன்றாவது வாரம் என் கணவரே அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்.

"எனக்கே தெரியல மாலா. தூங்கிப் போனவனுக்கு தான் தூங்குனது தெரியுமா? நாளைக்கு நாப்பது பேர வச்சிக்கிட்டு அந்த மாதிரி ஆச்சின்னா? இனி நான் பஸ் ஓட்டல."

மறுநாளே மேலாளருக்குத் தொலைபேசியில் சொல்லி, தன் தடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தீபாவளிக்குக்கூடப் புதுச்சட்டை போடவில்லை.

என் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், கழித்துப் போட்ட பாகங்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவள் நான். ஒரு பாகம் கெட்டுவிட்டது என்பது எங்களுக்குப் போதாது. ஏன் கெட்டது என்று தெரிந்த பிறகுதான் குப்பைக்குப் போகும். வீட்டிலும் எனக்கு அதே புத்திதான். நின்றுபோன கடிகாரம், பேசாத ரேடியோ எது கிடைத்தாலும் திறந்து பார்த்துவிடுவேன். திரும்பப் பூட்டத் தெரியாது என்பது வேறு கதை.

அந்த வார வெள்ளிக்கிழமை தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். படி ஏறி மேலே போவதற்குள் மூச்சு வாங்கியது. சன்னதியில் நின்று நான் அவர் எலும்பு கூடி வர வேண்டும் என்று கேட்கவில்லை. அது தானாகக் கூடும். "முருகா, அன்னைக்கு என்ன நடந்திச்சின்னு எனக்குக் காட்டு. அவரு தூங்கியிருந்தா அதையும் காட்டு, தாங்கிக்குறேன். தெரியாம இருக்கறதத்தான் தாங்க முடியல" என்று கேட்டேன். கண்ணீர் நிற்கவே இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், எனக்குள் பதில் முன்பே தயாராக இருந்தது. வண்டியில் ஏதோ பழுது, அதைக் கவனிக்காமல் விட்ட யாரோ ஒருவர். அந்த யாரோ ஒருவரை முருகன் பிடித்துக் கொடுப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

வண்டி, பாலு அண்ணனின் பட்டறையில் கிடந்தது. இருபது வருடமாக எங்கள் பகுதிக்கு அவர்தான் பொமன், அதாவது மெக்கானிக். முன் சக்கரம் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ஃபோர்க் வளைந்து, விளக்கு நொறுங்கி, ஹேண்டல் ஒரு பக்கமாக மடங்கிப் போயிருந்தது. வேலை முடிந்து தினமும் அங்கே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கியிருக்குமா அண்ணே? மோதலில் பிடியருகே அறுந்திருந்த கேபிளை அவர் கீழ்ப்பக்கமாக உருவிக் காட்டினார். வெண்ணெய் மாதிரி ஓடியது. கார்பரேட்டருக்குள் ஏதாவது? கழற்றிக் காட்டினார். சுத்தமாக இருந்தது. ஸ்பிரிங்? விரலால் அமுக்கிவிட்டார். டப்பென்று திரும்பி வந்தது.

"தங்கச்சி, நீ எஞ்சின் பரீட்சைக்கா படிக்கிற? வண்டி மேல கொற இல்லமா."

அவர் தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் போய் நோண்ட நோண்ட, வண்டி நிரபராதி ஆகிக்கொண்டே வந்தது. என் கணவர் குற்றவாளி ஆகிக்கொண்டே வந்தார். நான் சும்மாவே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

இதற்கு நடுவிலேயே கந்த சஷ்டி வந்தது. ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் இருந்தேன். சூரசம்ஹாரத்தன்று பதில் கிடைத்திருந்தால் எழுதுவதற்கு நன்றாக இருந்திருக்கும். கிடைக்கவில்லை. கிடைத்தது அது முடிந்து மூன்று நாள் கழித்து, விசேஷம் ஒன்றுமில்லாத ஒரு சாயங்காலம்.

அன்றைக்கு பாலு அண்ணன் புது ஹேண்டலைப் பூட்டிக்கொண்டிருந்தார். வாசலில் பழைய இரும்பு போடும் தொட்டி. அதில் எங்கள் பழைய ஹேண்டல் தலைகீழாகச் செருகியிருந்தது. இரும்பு வாங்கும் லாரி இரண்டு நாள் முன்பே வந்து அள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். அடை மழையில் வரவில்லையாம்.

"அண்ணே, இந்த பழைய ஹேண்டல தொறந்து பாத்தீங்களா?"

"அத எதுக்கு தொறக்கணும்? வளைஞ்சு போன சாமான்."

"எங்க கம்பெனியில தூக்கிப் போட்டதத்தான் மொதல்ல பாப்போம். எனக்காக ஒருக்கா தொறங்க லா."

தலையில் அடித்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். வலது பக்கம், ஆக்சிலேட்டர் பிடி சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. இரண்டு திருகாணியைக் கழற்றினால் இரண்டாகப் பிரியும். பிரிந்தது. ஆனால் பிடி உருவ வரவில்லை. குறட்டால் பிடித்து இழுத்தார். பிடிக்கும் கூட்டுக்கும் நடுவில், சேறும் கிரீஸும் அப்பிக் கறுப்பாக, ஒரு நூல் நாலு சுற்று இறுகிக் கிடந்தது.

"என்னா இது, மீன் புடிக்கிற நூலா?" என்று சொல்லிக்கொண்டே பெட்ரோலில் ஒரு துணியை நனைத்துத் துடைத்தார். உள்ளே மஞ்சளாக இருந்தது.

அந்த நூலை எனக்குத் தெரியும். வெள்ளை நூலை மூன்றாக முறுக்கி, மஞ்சள் குழைத்துத் தடவி, முருகன் படத்தடியில் வைத்து எடுத்தது நான். ஆயுத பூஜையன்று அவர் வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தினார். நான் சந்தனம், குங்குமம் வைத்து, மஞ்சள் கிழங்கு ஒன்றை அந்த நூலில் கோத்து, மங்களமாக இருக்கட்டும் என்று வலது பக்கப் பிடியை ஒட்டிக் கட்டினேன். ஒரு முழம் நூல் மீந்தது. சாமிக்கு வைத்த கயிற்றைக் கத்தரியால் வெட்டக் கூடாது என்று என் மனசுக்குப் பட்டது. அதனால் மீதியைச் சும்மா சுற்றிச் செருகிவிட்டேன். அது நெகிழ்ந்து, பிடியைத் திருகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. மழையில் ஊதி இறுகியிருக்கிறது. மோதியதில் கிழங்கும் முடிச்சும் அறுந்து விழுந்துவிட்டதால் வெளியே எதுவும் தெரியவில்லை.

பாலு அண்ணன் பிடியை மறுபடி செருகி, புதுக் கேபிளை மாட்டி, திருகிக் காட்டினார். முறுக்கினால் திரும்பியது. விட்டால் பழைய இடத்துக்கு வரவில்லை. அப்படியே நின்றது.

"அவரு சொன்னது நெசம்தான்" என்றார் மெதுவாக. பிறகு என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "தங்கச்சி, நான் வெளிய வாய் தொறக்க மாட்டேன். கேபிள் சிக்கிக்கிச்சின்னு சொல்லிடுவோம். அவருக்கும் நிம்மதி, ஒனக்கும் சங்கடம் இல்ல."

எவ்வளவு நல்ல யோசனை! வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். முருகன் கயிறே ஆளைச் சாய்த்துவிட்டது என்று ஊர் சிரிக்குமே, அவர் பெயரைக் காப்பாற்ற ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன? பாதி வழி இப்படியே வந்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் காப்பாற்றப் பார்த்தது முருகன் பெயரை அல்ல, என் பெயரை. ஆறு நாள் பட்டினி கிடந்து நான் கேட்டதைத்தான் அவர் கொடுத்திருக்கிறார். அதை வழியிலேயே மாற்றி வைத்தால் அதற்குப் பெயர் என்ன?

வீட்டில் பெரியக்காவும் இருந்தார். கட்டுப் போட்ட கையோடு இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நூலோடு சேர்த்து அந்தப் பிடியை மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இடது கையால் பிடியை எடுத்தார். நூலைத் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார்.

"அப்ப நான் தூங்கல."

"இல்லங்க."

"நான் தூங்கல மாலா" என்றார் மறுபடியும். சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் அவர் காலடியில் உட்கார்ந்து, என்னை மன்னித்துவிடுங்கள் என்று அழுதேன். அவர் என் தலைமேல் கையை வைத்தார்.

பெரியக்காவுக்குத்தான் தாங்கவில்லை. "சாமி கயித்தயா குத்தம் சொல்றீங்க? வாயில அடிங்க!"

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கயித்து மேல என்னாக்கா குத்தம்? கட்டுன எடந்தான் குத்தம். எங்க வீட்டுக்காரி முருகன கொண்டு போய் ஆக்சிலேட்டர்ல உக்கார வச்சிட்டா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தோள் வலித்து முனகிக்கொண்டே சிரித்தார். பெரியக்கா பக்கத்தில் வந்து, "தம்பி, நான் ரொம்ப பேசிட்டேன்" என்று அவர் கன்னத்தைத் தடவினார். ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மறுநாள் இவர் அந்தப் பிடியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேலாளரிடம் காட்டினார். நூல் இறுகிக் கிடந்த இடத்தைப் பார்த்து அவர் வாயைப் பிளந்தாராம். கை குணமானதும் தடத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். கயிறு கட்டுவதை விடவில்லை. அசையாத கம்பியாகப் பார்த்துக் கட்டுகிறேன், மீதியைக் கத்தரியால் வெட்டிவிடுகிறேன். முருகன் கோபிக்கவில்லை. தண்ணீர்மலை அடிவாரத்தில் நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிள்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. ஒருநாள் ஒருவர் என்னைத் திருடி என்று நினைத்து ஓடி வந்தார். அவர் வண்டியிலேயே ஆக்சிலேட்டர் பிடியில்தான் கயிறு இருந்தது. நீங்களும் வீட்டுக்குப் போனதும் முதலில் அதைப் பாருங்கள்.

தை மாதம் அவர் மறுபடி பேருந்து எடுத்தார். இருட்டில் எங்கள் வாசலுக்கு வந்து, எனக்காகக் கதவைத் திறந்தார். முதல் நாள், எல்லோரும் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டே ஏறினார்கள். நான் அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். வழியெல்லாம் விழித்துப் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்று நினைத்திருந்தேன். இரண்டு நிறுத்தம்தான் தெரியும். "மாலா, எறங்கு, கம்பெனி வந்திருச்சி" என்று அவர் எழுப்பியபோது திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் அத்தனை பேரும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அடியார்களே, உங்களைக் குடையும் கேள்வி எதுவானாலும் அவரிடம் கொண்டுபோய் வையுங்கள். மறைக்காமல், சுற்றி வளைக்காமல் கேளுங்கள். எனக்கு வந்த பதில் என்னையே கை காட்டியது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தோடுதான் என் கணவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அவர் காட்டுவார், நம்பிக் கேளுங்கள்.