ஏரிக்கரையில் சிரித்த அக்கா

அக்கா இல்லாமல் ஓராண்டை ஓட்டிவிட்டோம். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்லி இந்த நினைவு மலரில் உறவினர்கள் எனக்கு ஒதுக்கிய பக்கம் இது. தகுதியில்லாமல்தான் எழுதுகிறேன்.

அக்கா திருநின்றவூரில் பிறந்தார். அப்பா தவறியபோது அவருக்குப் பதினெட்டு வயது, எனக்கு ஆறு. அன்று தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தார். காலையிலும் ரயிலைப் பிடிக்க ஓட்டம், மாலையிலும் ஓட்டம். என்னைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்தார். தனக்கென்று எதுவும் செய்துகொள்ளவில்லை.

வேலையை விட்டபின் கொரட்டூரில் எங்களோடு இருந்தார். தினமும் சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போவார். நடைப்பயிற்சிக்கு அல்ல, சும்மா உட்கார. நைட்டி, தோளில் ஒரு துண்டு, கையில் வேர்க்கடலைப் பொட்டலம். தண்ணீரில் முங்கிய நாமக்கோழி எந்தப் பக்கம் எழும் என்று கடலை விற்கும் அம்மாவோடு போட்டி போடுவாராம். தோற்றால்தான் அதிகமாகச் சிரிப்பாராம். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது.

என் மேலதிகாரி அங்கே நடக்கப்போனவர், மறுநாள் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் அக்காவைப் பற்றி விசாரித்தார். எனக்குக் கூசிப்போனது. வீட்டுக்கு வந்ததும், "நைட்டியோட கரையில குந்திகினு கீறியே, என் மானம் போவுதுக்கா" என்றேன்.

புடவை கட்டிக்கொண்டு போகலாமே என்றாள் என் மனைவி. புடவை கட்டி ஓடினதெல்லாம் போதும் என்று அக்கா சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "சரிடா, இனிமே போவல" என்றார். போகவே இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும். ஏழு மாதம் கழித்து மாரடைப்பு. மூன்றே நாளில் போய்விட்டார்.

இந்த மலரின் அட்டைக்கு வீட்டில் ஒரு நல்ல படம்கூட இல்லை. கடலை விற்கும் அம்மாவின் போனில்தான் இருந்தது: ஏரியைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கும் அக்கா. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. ஸ்டூடியோவில் கொடுத்து, நைட்டியை மறைத்துப் பட்டுப்புடவை போட்டு வாங்கி, அந்த அம்மாவிடமே கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"பொடவ நல்லாத்தான் கீது சார். அக்காவத்தான் காணோம்."

அட்டையில் நீங்கள் பார்ப்பது அந்த அம்மா எடுத்த படம், எடுத்தபடியே.

மருத்துவமனையில் உடனிருந்த உறவினர்களுக்கும், அடக்கத்துக்கு வந்து தோள்கொடுத்த நண்பர்களுக்கும் நன்றி. ஏரிக்கரையில் அக்காவுக்குத் துணையாக உட்கார்ந்தவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களைக் கைகூப்பி வணங்குகிறேன். எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கரை ஐந்து நிமிட நடை. ஒருநாள்கூட நான் போய் என் அக்கா பக்கத்தில் உட்காரவில்லை.

தம்பி