பறவைப் பெட்டி தொங்கிய செரி மரம்

எனக்கு ஜெர்மன் வராது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஜெர்மன் வரும், ஆனால் காதுதான் சில நேரம் காலை வாரிவிடும். ஒருமுறை அதனால் ஒரு மரத்தையும் மனைவியையும் சேர்த்தே இழக்கப் பார்த்தேன்.

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் ஒரு தோட்ட வேலை நிறுவனத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். முதல் மாதம் சோதனைக் காலம், இது நடந்த வாரத்து வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலை நிரந்தரமானால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது இருபது நாள்.

மாசி மாதக் காலை. முதலாளியம்மா என்னை ஒரு குடியிருப்பின் முற்றத்தில் இறக்கிவிட்டார். இலையில்லாத இரண்டு செரி மரங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. “ட்ஸீர்கிர்ஷே நிற்கட்டும், ஃபோகல்கிர்ஷேயை வெட்டு” என்றார். நான் “யா, யா” என்றேன். விளங்காவிட்டாலும் ஆமென்று யா சொல்வது என் வியாதி. அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கிர்ஷே என்றால் செரி, ஃபோகல் என்றால் பறவை, இரண்டும் தெரியும். மற்றச் சொல் என் காதில் ‘தீர்’ என்று விழுந்தது. தீர் என்றால் மிருகம். ஆக, மிருகச் செரி நிற்க வேண்டும், பறவைச் செரி போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பளபளத்த பட்டை, அதில் குறுக்கே ஓடும் ஒரே கோடுகள். ஆனால் ஒன்றில் குருவிகளுக்கான பலகைப் பெட்டி தொங்கியது. மற்றதில் ஓர் அணில் ஏறி ஓடியது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, பெட்டி தொங்கிய மரத்தின் அடியில் மரம் அரியும் வாளை வைத்தேன்.

இரண்டு விரல் ஆழம் போனதும் மூச்சு வாங்க நிமிர்ந்தேன். கண்ணுக்கு நேரே தண்டைச் சுற்றி ஒரு வீக்கம். அதற்குக் கீழே பட்டை ஒரு விதம், மேலே இன்னொரு விதம். ஊரில் ஒட்டுமாங்கன்று நட்டவனுக்கு அந்த ஒட்டுத் தழும்பு தெரியாதா? வேண்டாமென்று வெட்டச் சொல்லும் மரத்துக்கு யார் ஒட்டு வைத்திருப்பார்கள்?

போனில் தேடினேன். ட்ஸீர் என்றால் அலங்காரம், பூவுக்காக ஒட்டு வைத்து வளர்ப்பது. பழத்தைக் குருவிகள் தின்பதால் காட்டுச் செரிக்குத்தான் பறவைப் பெயர். அது அணில் ஏறிய மரம்.

முதலாளியம்மாவுக்கு மூன்று தரம் போன் அடித்தேன், எடுக்கவில்லை. வெட்டில் மண்ணை அப்பிச் சருகால் மூடினால் வெள்ளி வரைக்கும் யாருக்கும் தெரியாது. மண்ணைக் கையில் அள்ளியும்விட்டேன். பிறகு ஒருநாள் மரம் பிள்ளைகள் விளையாடும்போது சாய்ந்தால்? என் மேலேயே அருவருப்பு வந்தது. மண்ணைக் கொட்டிவிட்டு, அவர் வரும்வரை இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழந்தாளிட்டு வெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“சோதனைக் காலத்தை மூன்று மாதமாக நீட்டுகிறேன். சித்திரையில் இது பூத்தால் பேசலாம்” என்றார். பூக்காவிட்டால் வேலை இல்லை. அன்றைக்கே காட்டுச் செரியை வெட்டினேன்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறிப் போய் அந்த மரத்தைப் பார்த்தேன். பங்குனியில் வெட்டிலிருந்து பிசின் வடிந்தது. தெருவில் மற்றச் செரிகள் பூக்கத் தொடங்கிய பிறகும் இது மொட்டையாகவே நின்றது. மனைவி போன் எடுத்தவுடன், “பூத்திட்டுதோ?” என்பாள். சாப்பிட்டீங்களோ என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டாள்.

சித்திரைக் கடைசியில் செம்பு நிறத்தில் தளிர் விட்டது. நாலு நாளில் நீண்ட காம்புகளில் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கி, இளஞ்சிவப்பில் விரிந்தன. வெட்டுக்கு நேர்மேலே இருந்த கிளையும் பூத்தது. ஒரு பூவைப் பிரித்து இருபத்தைந்து இதழ் வரை எண்ணினேன். மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறிவிடும் இனமாம். முதலாளியம்மா வந்து அண்ணாந்து பார்த்தார், காரின் மேலேயே வேலை நிரந்தரக் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

மரத்தடியில் நின்றே மனைவியை அழைத்தேன்.

“பூத்திட்டுது.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பழம் எப்ப வரும்?” என்றாள்.

“இது காய்க்காதாம். பூ மட்டும்தான்.”

“காய்க்காத மரத்தால ஆருக்கு என்ன பிரயோசனம்?”

“நீ வாறாய். அது போதாதோ?”